ஆறாம் நாற்காலிக்காரரிடம் நான் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் அமெரிக்காவில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அமெரிக்க அரசு கறுப்பின ஆண்களை ஏமாற்றி நடத்திய டஸ்கீகி ஆய்வுக்குப் பிறகு கறுப்பின மக்கள் பயந்துபோய் மருந்து ஆய்வுகளில் சேர மறுக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்தில், சிறுநீரக நோயாளிகளுக்கான ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். 11 வருடம் ஆகிறது. புது மருந்து ஒன்று கடைக்கு வருவதற்கு முன்னால் அதை நோயாளிகளிடம் கொடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதும், ஒப்புதல் படிவத்தை வரி வரியாக விளக்குவதும், மிச்ச மாத்திரைகளை எண்ணிக் குறிப்பதும் என் வேலை. யார் உள்ளே வருகிறார்கள், யார் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் கண்முன்னால் நடக்கிறது. என் கையாலும் நடந்திருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2016ஆம் வருடம், ஒரு திங்கட்கிழமை. டயாலிசிஸ் யூனிட்டில் காலை ஷிப்ட் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய் மெஷினில் சுற்றி வருவதால் குளிரும். எல்லோரும் வீட்டிலிருந்து போர்வை கொண்டு வருவார்கள். சிறுநீரக நோயால் வரும் ரத்தசோகைக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்றுக்கு அப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருந்தோம். கையில் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டாக்டரோ நர்ஸோ ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள். ஆறாம் நாற்காலியில் இருந்தவருக்குப் பக்கத்தில், "வேண்டாம், ஒழுங்காக வரமாட்டார்" என்று இருந்தது.

நான்காம் நாற்காலியில் பேசினேன். ஐந்தாம் நாற்காலியில் பேசினேன். ஆறைத் தாண்டி எட்டுக்குப் போனேன். ஆறாம் நாற்காலிக்காரர் தொப்பியை முகத்தின் மேல் இறக்கிவிட்டுப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது தொப்பியைத் தூக்காமலே கேட்டார்: "மிஸ், அந்தப் பேப்பர் எனக்குக் கிடையாதா?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏதோ விதிமுறை என்று முனகினேன். அவர் தொப்பியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன விதி? என்கிட்ட ஒரு கேள்வி கூடக் கேக்கலையே."

நான்காம், ஐந்தாம், எட்டாம் நாற்காலிகளில் இருந்த மூவரும் வெள்ளையர்கள். அவர் கறுப்பினத்தவர். நான் நிறம் பார்த்துத் தாண்டவில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் தாண்டினேன் என்று அன்றைக்கு என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இரவு வீட்டுக்குப் போய் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். "ஒழுங்காக வரமாட்டார்" என்று குறிக்கப்பட்டிருந்தவர்களின் பெயர்களை வாசிக்க வாசிக்க வயிற்றைக் கலக்கியது. நகரத்தில் நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர். எங்கள் யூனிட்டிலும் அப்படித்தான். நான் போய்ப் பேசியவர்களில் அப்படி இல்லை.

மறுபடி புதன்கிழமை போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குளிர்காலத்தில் ஏன் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரவில்லை என்று கேட்டேன். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் அது. கூட இருக்க வேறு ஆள் இல்லை. இந்த விவரம் எந்தக் கோப்பிலும் இல்லை, ஏனென்றால் யாரும் கேட்டிருக்கவில்லை. "வரமாட்டார்" என்பது மட்டும் ஏறிவிட்டது.

படிவத்தை முழுசாகப் படித்தார். கண்ணாடியை இறக்கி, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு. பிறகு மூன்று கேள்வி கேட்டார். "நடுவுல நிறுத்திக்கிறேன்னு சொன்னா என் டயாலிசிஸுக்கு எதுவும் ஆகாதே?" ஆகாது என்றேன். "எனக்கு மாத்திரைதான் கிடைக்கும்னு நிச்சயமா?" இல்லை, குலுக்கல் மாதிரி, சிலருக்குப் பழைய ஊசியே தொடரும் என்றேன். "மாத்திரை எனக்கு ஒத்துக்கிச்சுன்னா ஆய்வு முடிஞ்ச அப்புறமும் தருவீங்களா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பயத்தைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். டஸ்கீகி என்ற வார்த்தையைச் சொன்னதும் லேசாகத் தலையை ஆட்டினார். "எங்க அப்பா அலபாமாவில இருந்து கார் ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். அந்தக் கதை எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் கேள்வி கேக்குறேன். கேள்வி கேக்குறவனை வேண்டாம்னு சொல்றவன்னு நினைச்சுக்காதீங்க."

உங்கள் கட்டுரையாளர் டஸ்கீகி பற்றி இரண்டே வரிதான் எழுதியிருந்தார். வாசகர்களுக்கு அது போதாது. 1932 முதல் 1972 வரை, 40 வருடம், அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டியில் அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறையே நடத்தியது அது. ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய் இருந்தது. அவர்களிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை; "கெட்ட ரத்தம்" என்றார்கள். 1940களில் பென்சிலின் வந்து மற்றவர்கள் எல்லாம் குணமாகிக்கொண்டிருந்தபோது இவர்களுக்கு மட்டும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் நின்றது. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். கவனியுங்கள், அந்த ஆண்கள் ஆய்வில் சேர மறுத்தவர்கள் அல்ல. நம்பி வந்தவர்கள். வாக்குத் தவறியது யார் என்பது தெளிவாக இருக்கும்போது, நம்பாமல் போனது அவர்கள் குணம் என்பதுபோல் நாம் எழுதக் கூடாது.

பயம் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. "என் உடம்பில் யாரும் பாடம் படிக்க வேண்டாம்" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்து அனுப்பிய பாட்டிகள் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் பெரிய கணக்கில் பார்த்தால் கதை வேறு. 2006இல் வெளியான ஓர் அலசல், 20 ஆய்வுகளில் 70,000க்கும் மேற்பட்டவர்களின் பதிலைச் சேர்த்துப் பார்த்தது. கேட்டபோது சம்மதித்தவர்களின் விகிதத்தில் வெள்ளையருக்கும் சிறுபான்மையினருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 2021இல் புற்றுநோய் ஆய்வுகளை மட்டும் வைத்து இன்னோர் அலசல் வந்தது. ஆய்வில் சேரக் கேட்கப்பட்ட கறுப்பின நோயாளிகளில் சுமார் 58% பேரும், வெள்ளையர்களில் சுமார் 55% பேரும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் நான் வாசித்தது ஆறாம் நாற்காலிச் சம்பவத்துக்கு வெகு நாளைக்குப் பிறகுதான்.

அப்படியானால் ஆய்வுகளில் அவர்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள்? குறைவாகத்தான் இருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. 2020இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 53 புது மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தது. அவற்றின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 75% வெள்ளையர், 8% கறுப்பினத்தவர், 6% ஆசியர். என் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13%. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சர்க்கரை நோயால் கெடும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற கானாகிளிஃப்ளோசின் மருந்து உதவுமா என்று பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. 34 நாடுகள், 4,401 நோயாளிகள். கறுப்பினத்தவர் 5% அளவில்தான். பல நாடுகளில் நடந்ததால் அப்படி என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அந்த மருந்தை இன்றைக்கு டெட்ராய்ட்டில் எழுதிக் கொடுக்கும் டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பது யார்?

வாசலில் நிறுத்துவது பல நேரம் ஒரு மனிதர்கூட இல்லை, ஒரு சூத்திரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஓர் எண்ணைக் கணக்கிடுவார்கள். இஜிஎஃப்ஆர் என்று லேப் ரிப்போர்ட்டில் இருக்கும். பல வருடம் அந்தக் கணக்கில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கினார்கள், அதற்கும் முந்தைய சூத்திரத்தில் 1.212. கறுப்பினத்தவருக்குச் சராசரியாகத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினின் அதிகம் என்பது அதற்குச் சொன்ன காரணம். விளைவு என்ன? ஒரே ரத்தம், ஒரே கிரியாட்டினின், ஆனால் காகிதத்தில் கறுப்பினத்தவரின் சிறுநீரகம் நன்றாக இருப்பதாக வரும்.

2018 வாக்கில் எங்கள் கிளினிக்கில் பள்ளிக்கூடச் சமையல்கார அம்மா ஒருவர். ஓர் ஆய்வில் சேர இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி. அவருடைய லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரி அச்சாகியிருந்தது. "ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லாதவர்: 54." அடுத்த வரியில், "ஆப்பிரிக்க அமெரிக்கர்: 63." நான் பேனாவை இரண்டாவது வரியில் வைத்து, நீங்கள் தகுதி பெறவில்லை என்றேன். அவர் ரிப்போர்ட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "எங்க அம்மா கறுப்பு, அப்பா வெள்ளை. நான் எந்த வரி?" என்று கேட்டார். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். சேர்க்கைப் படிவத்தில் அவர் எந்தப் பெட்டியில் டிக் அடித்தாரோ அந்த வரி என்றார்கள். ஒரு டிக்கில் அவருடைய சிறுநீரகம் நோயிலிருந்து தப்பிவிட்டது.

2021இல் அமெரிக்க சிறுநீரக அமைப்புகள் கூடி இனம் இல்லாத புதுச் சூத்திரத்தைக் கொண்டுவந்தன. எவ்வளவு பெரிய தவறு என்பது மாற்றுச் சிறுநீரகக் காத்திருப்போர் பட்டியலில்தான் முழுதாகத் தெரிந்தது. பட்டியலில் காத்திருப்புக் காலம் சேர இந்த எண் 20க்கு இறங்க வேண்டும். உண்மையில் 18 இருந்தாலும் 1.159ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 21 ஆகிவிடும். இன்னும் நேரம் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2023 ஜனவரியில் எல்லாச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை மையங்களும் கறுப்பின நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டி எடுத்து, இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. ஆனால் ஆய்வுகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை.

சூத்திரத்தைத் தாண்டி வந்தால் தூரம். முன்பு சொன்ன ரத்தசோகை ஆய்வுக்கு மாதம் ஒருமுறை புறநகரில் இருந்த ஆய்வு மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆறாம் நாற்காலிக்காரர் யார் தெரியுமா? 26 வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முகவரியைப் பார்த்ததும் சொன்னார்: "இந்த ரோட்டுக்குப் பஸ்ஸே கிடையாது, மிஸ். கடைசி ஸ்டாப்பில இறங்கி ரெண்டு மைல் நடக்கணும். நடைபாதையும் இல்ல." உண்மைதான். டெட்ராய்ட்டை ஒட்டிய ஓக்லண்ட் கவுண்டியில் பல ஊர்கள் பேருந்துத் திட்டத்தில் சேராமல் விலகியே இருந்தன. 2022 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் அப்படி விலகிக்கொள்ளும் வழி அடைக்கப்பட்டது. மையத்தை அங்கே கட்டியவர்கள் யாரையும் ஒதுக்க நினைத்திருக்க மாட்டார்கள். பெரிய பார்க்கிங் இருக்கிறது என்று பார்த்திருப்பார்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் போக, மிச்சம் இருக்கும் நாளில் இரண்டு மைல் நடந்து வா என்று அந்தக் கட்டடம் சொல்லிக்கொண்டிருந்தது.

மணிக்கூலி வேலை, லீவு எடுத்தால் சம்பளம் இல்லை. பிபி கட்டுக்குள் இல்லாதவர் கூடாது, சர்க்கரை இவ்வளவுக்கு மேல் இருந்தால் கூடாது, இன்னொரு நோய் இருந்தால் கூடாது என்று விலக்கு விதிகள். நல்ல வைத்தியம் கிடைக்காததால் நோய் முற்றியவர்கள்தான் அந்த விதிகளில் முதலில் அடிபடுவார்கள். ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீடு, உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கான ஆய்வில் சேருபவரின் வழக்கமான மருத்துவச் செலவை நாடு முழுவதும் கட்டாயமாக ஏற்க வேண்டும் என்று விதி வந்ததே 2022 ஜனவரியில்தான். முதியோருக்கான மெடிகேர் 2000ஆம் ஆண்டிலிருந்தே ஏற்று வந்தது.

இதெல்லாம் நியாயம் பற்றிய பேச்சு மட்டும்தானா என்று நம்மவர்கள் சிலர் கேட்பார்கள். இல்லை, மாத்திரை பற்றிய பேச்சு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. 50 வருடத்துக்கு மேல் காத்திருந்து 2011இல் பெலிமுமாப் என்ற புது மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆய்வுகளில் கறுப்பின நோயாளிகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பேரிலும் மருந்து சரியாகக் கேட்டதா என்பது சந்தேகமாக இருந்தது. அவர்களுக்கென்று தனி ஆய்வு செய்யுங்கள் என்று எஃப்டிஏ சொன்னது. மருந்து கடைக்குப் போன பிறகு, பல வருடம் கழித்து அந்த ஆய்வின் முடிவு வந்தது. பலன் இருப்பதுபோல் தெரிந்தாலும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எட்டவில்லை. அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் பதில் கடைசியில் வந்தது, அதுவும் அரைகுறைப் பதில்.

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்ல எனக்கு ஆசை. 1994இல் தொடங்கிய ஆல்ஹாட் என்ற ரத்த அழுத்த ஆய்வு. மருந்துகளை ஒப்பிட்ட முக்கியப் பகுதியில் மட்டும் 33,357 பேர். அதில் 35% கறுப்பினத்தவர். பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளோடு நிற்காமல், 600க்கும் மேற்பட்ட இடங்களில், அக்கம்பக்கத்துக் கிளினிக்குகளில்கூட நடத்தினார்கள். அதனால்தான் 2002இல் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது: லிசினோபிரில் என்ற பிபி மாத்திரை எடுத்த கறுப்பின நோயாளிகளுக்கு, பழைய மலிவான நீர் மாத்திரை எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் 40% அதிகமாக வந்தது. அந்த ஆயிரக்கணக்கான பேர் உள்ளே இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இனம் என்பதே ஒரு கரடுமுரடான பெட்டிதான், நான் மறுக்கவில்லை. அந்தச் சமையல்கார அம்மாவின் கேள்வியே அதைச் சொல்லிவிட்டது. பெட்டிக்குள்ளே மரபணு இருக்கிறது, வருமானம் இருக்கிறது, குடியிருக்கும் தெரு இருக்கிறது. ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரண்டு மாற்றங்கள் சிறுநீரக நோய்க்கு வழிவைக்கின்றன என்று 2010இல் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் தூக்க நோய் என்ற ஒட்டுண்ணி நோயிலிருந்து காத்த மாற்றம்தான் அது. கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 13% பேருக்கு அது அப்பா, அம்மா இரு பக்கமிருந்தும் வந்திருக்கிறது, ஆப்பிரிக்க வம்சாவளி இல்லாதவர்களிடம் அது மிக அரிது. இப்போது ஆளின் நிறத்தைப் பார்க்காமல் மரபணுவைப் பார்த்தே மருந்து கொடுக்கும் ஆய்வு நடக்கிறது. பெட்டியை விட்டு வெளியே வர வேண்டுமென்றால்கூட, முதலில் அந்த மக்கள் ஆய்வுக்குள் இருந்தாக வேண்டும்.

நம் வீட்டுக்கும் வருகிறேன். என் கணவருக்குக் கொழுப்பு அதிகம் என்று இங்கே ஒரு டாக்டர் ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் மாடிப்படி ஏற முடியாமல் தொடை வலி. மருந்தோடு வரும் மடித்த காகிதத்தைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்து ஏறத்தாழ இருமடங்கு சேருகிறது, 5 மில்லிகிராமில் தொடங்குங்கள் என்று அதிலேயே இருக்கிறது. மருந்து அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2003இல். இந்த எச்சரிக்கை சேர்ந்தது 2005இல். ஆசிய வம்சாவளியினர் மேல் தனியாக ஓர் ஆய்வு நடந்ததால்தான் அந்த வரியாவது கிடைத்தது. வலி எதனால் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அளவைக் குறைத்த பிறகு நின்றது. ஆனால் ஆசியர் என்ற ஒரே பெட்டியில் ஜப்பானியரும் சீனரும் நாமும் அடைந்து கிடக்கிறோம். நம்மவருக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும்; ஆய்வு அட்டவணையில் நாம் எத்தனை பேர் என்று தேடினால் தனி வரிசையே பெரும்பாலும் இருக்காது.

என் மாமியாருக்கு 20 வருடமாகச் சர்க்கரை. தமிழ் மட்டும்தான் தெரியும். அவருக்குப் பொருந்தும் ஓர் ஆய்வு வேறொரு மையத்தில் நடந்தது. நேரில் அழைத்துப் போனேன். ஆங்கிலம் அல்லது ஸ்பானிஷ் வாசிக்கத் தெரிய வேண்டும் என்று வரவேற்பிலேயே முடித்துவிட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. முழுப் படிவத்தையும் மொழிபெயர்க்க முடியாவிட்டால் அவர் மொழியில் ஒரு குறும்படிவமும், வாய்மொழி விளக்கமும், ஒரு சாட்சியும் போதும் என்று வழியும் வைத்திருக்கிறது. யாரும் மெனக்கெடவில்லை. காரில் வரும்போது மாமியார், "என்னை வேண்டாம்னுட்டாங்களா?" என்று கேட்டார். நாளைக்கு யாராவது, இந்தியக் கிழவிகள் ஆய்வில் சேர மறுக்கிறார்கள் என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் மனசு விட்டுச் சொல்கிறேன். இங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில், "அவங்க டாக்டர் சொல்றதையே கேக்க மாட்டாங்க" என்று கறுப்பின மக்களைப் பற்றிப் படித்தவர்களே சர்வசாதாரணமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சும் என் பட்டியலில் இருந்த "ஒழுங்காக வரமாட்டார்" என்ற குறிப்பும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால்தான் தமிழ்ப் பத்திரிகையில் அந்த வரி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

மாற்ற முடியாததா? லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர் ரொனால்டு விக்டர் என்ன செய்தார் பாருங்கள். பிபி அதிகம் உள்ள கறுப்பின ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று புலம்பாமல், அவர்கள் தவறாமல் போகும் இடத்துக்கு மருந்தாளுநர்களை அனுப்பினார்: முடிதிருத்தும் கடைகள். 52 கடைகள், 319 பேர். ஆறு மாதத்தில், கடையிலேயே மருந்தாளுநர் பார்த்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. அறிவுரை மட்டும் கிடைத்தவர்களுக்கு 9 புள்ளி. 2018இல் முடிவு வெளியானது. அந்த ஆண்கள் எல்லோரும் ஓர் ஆய்வில் பங்கேற்றவர்கள்தான். முடிவெட்டுபவர் அறிமுகப்படுத்தினார், கையெழுத்துப் போட்டார்கள்.

சட்டமும் இருக்கத்தான் இருக்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களும் சிறுபான்மையினரும் இருக்க வேண்டும் என்று 1993லேயே வந்துவிட்டது. மருந்துக் கம்பெனிகளின் கடைசிக் கட்ட ஆய்வுகளுக்கும் யாரை எப்படிச் சேர்ப்பீர்கள் என்ற திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்று 2022 டிசம்பரில் சட்டம் ஆனது. 2024 ஜூனில் எஃப்டிஏ அதற்கு வரைவு வழிகாட்டி வெளியிட்டது. 2025 ஜனவரியில் அது இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு திரும்ப ஏற்றினார்கள். இப்படி வந்தும் போயும் இருக்கும் ஒன்றை நம்பி நாங்கள் உட்கார்ந்திருக்க முடியாது.

எங்கள் பிரிவில் செய்தது சின்ன விஷயம். பட்டியலில் டாக்டர் குறிப்புப் பத்தியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் மூன்று பத்தி: கேட்டாயிற்றா, கேட்டது யார், நோயாளி என்ன சொன்னார். தகுதி உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் இது நிரப்பப்பட வேண்டும். மாதாந்திர ஆய்வுப் பரிசோதனையை முடிந்தவரை டயாலிசிஸ் நாற்காலியிலேயே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம், ரத்தம் எப்படியும் அங்கேதான் எடுக்கிறோம். முடியாதபோது டாக்ஸி அனுப்புகிறோம், அதற்குக் கம்பெனியின் பட்ஜெட்டிலேயே முதலில் பணம் கேட்டு வாங்கிவிடுகிறேன். மறுப்பவர்கள் இன்னும் மறுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் "என்ன சொன்னார்" பத்தியில் அதிகம் எழுதப்படுவது பயம் இல்லை. "பேரனைப் பள்ளியில் விட ஆள் இல்லை", "லீவு கிடைக்காது", "யோசித்துச் சொல்கிறேன்". கடைசியாகச் சொன்னதை அடுத்த வாரம் போய்க் கேட்காவிட்டால், அதுவும் மறுப்பு என்று கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, முடிந்தால் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இல்லை என்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கியாவது போடுங்கள். சமையல்கார அம்மாவின் கேள்வியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஆறாம் நாற்காலிக்காரர் அந்த ஆய்வில் சேர்ந்தார், கடைசி வரை இருந்தார். 2023இல் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டச் சொன்ன உத்தரவு வந்தபோது, டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்தைய அவருடைய லேப் காகிதங்களைத் தேடி எடுத்து அனுப்புகிற வேலை எனக்கு வந்தது. மனைவி அவற்றை ஒரு ஷூ பெட்டியில் வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார். காத்திருப்பு தொடங்கிய தேதி முந்தைய ஒரு தேதிக்கு மாறியது. அந்த வருடக் கடைசியிலேயே அவருக்குச் சிறுநீரகம் கிடைத்தது. இப்போது யூனிட்டுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. எப்போதாவது போன் செய்வார். உடம்பு எப்படி என்று நான் விசாரித்து முடிப்பதற்குள், "என் நாற்காலியில இப்ப யாரு? அவங்ககிட்ட கேட்டுட்டீங்களா?" என்பார்.

இப்படிக்கு,
சிறுநீரக ஆய்வுப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி,
டெட்ராய்ட்

(நோயாளிகள் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)